கேன்ஸ்: தேர்வு யார் கையில்?

1956-ல் கேன்ஸ் திரைப்பட விழாவுக்குப் பிரான்ஸ் அனுப்பவிருந்த ஒரு படத்தை மேற்கு ஜெர்மனியின் தூதரகம் தடுத்து நிறுத்தியது. நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த 'இரவும் பனிமூட்டமும்' என்ற ஆவணப்படம் அது. நட்பு நாட்டின் மனம் புண்படும் என்று தூதரகம் சொன்னது, பிரெஞ்சு அரசு இணங்கியது, படம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டுத் தனியாகக் காட்டப்பட்டது. 2025-ல் அதே விழாவின் உச்ச விருதான தங்கப் பனையைப் பெற்றவர் ஈரானின் ஜாஃபர் பனாஹி. படம் எடுக்கவே கூடாது என்று 2010-ல் அவருக்கு 20 ஆண்டுத் தடை விதித்திருந்தது அவருடைய நாடு. விருது வாங்கிய 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்ஸிடென்ட்' அரசின் அனுமதி இல்லாமல் ரகசியமாக எடுத்த படம். ஒரு தூதரகத்தின் முணுமுணுப்புக்குப் பணிந்த விழா, ஒரு அரசின் தடையைச் சட்டை செய்யாத விழாவாக மாறியது எப்படி? படைப்புச் சுதந்திரத்தின் மீது அதற்குத் திடீரென்று பிறந்த காதல் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் படம் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை கைமாறியதுதான் காரணம். கேன்ஸின் பெருமை, குறைபாடு இரண்டையுமே இந்த ஒரு கைமாற்றத்திலிருந்து விளக்கிவிடலாம்.

விழாவின் பிறப்பிலேயே அரசுகள்தான் இருந்தன. உலகின் முதல் பெரிய திரைப்பட விழா 1932-ல் முசோலினியின் இத்தாலியில், வெனிஸில் தொடங்கியது. 1937-ல் ழான் ரெனுவாரின் போர் எதிர்ப்புப் படமான 'லா கிராண்ட் இல்யூஷன்' அங்கே உச்ச விருதைத் தவறவிட்டது. அடுத்த ஆண்டு முசோலினியின் பெயரிலேயே இருந்த கோப்பை, லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வுக்கும் ஓர் இத்தாலிய விமானிப் படத்துக்கும் போனது. ஹிட்லருக்கும் முசோலினிக்கும் ஆளுக்கொன்று. நடுவர்களாகப் போன பிரிட்டன், அமெரிக்காவின் பிரதிநிதிகள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள். பிரெஞ்சுத் தரப்பில் போயிருந்த ஃபிலிப் எர்லாஞ்சே, சுதந்திர நாடுகளுக்கென்று தனி விழா வேண்டும் என்ற யோசனையோடு திரும்பினார். அதைக் கையிலெடுத்தவர் கல்வி, நுண்கலை அமைச்சர் ழான் ஸே. சினிமாவின் தந்தையரில் ஒருவரான லூயி லூமியேரைத் தலைவராக வைத்து, மத்தியதரைக் கடற்கரை ஊரான கேன்ஸில் 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்குவதாக ஏற்பாடு. அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. விழா நின்றுபோனது. ழான் ஸே 1944-ல், ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்ஸை ஆண்ட விஷி அரசின் துணைப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். தான் கனவு கண்ட விழாவை அவர் பார்க்கவே இல்லை.

1946 செப்டம்பரில் விழா ஒருவழியாக நடந்தபோது அது சினிமாக்காரர்களைவிட ராஜதந்திரிகளுக்கே பொருந்திய கூடுகையாக இருந்தது. படங்களை விழா தேர்ந்தெடுக்கவில்லை. அந்தந்த நாட்டு அரசுகள் தேர்ந்தெடுத்து அனுப்பின. அனுப்பியவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்பதால் முதல் பரிசு 11 படங்களுக்குப் பங்கிடப்பட்டது, ஏறக்குறைய நாட்டுக்கொன்று என்ற கணக்கில். ரொசெலினியின் 'ரோம், திறந்த நகரம்' அவற்றில் ஒன்று. சேத்தன் ஆனந்தின் இந்திப் படம் 'நீச்சா நகர்' இன்னொன்று. அந்த 11-ல் ஒன்று என்ற விவரத்தைச் சொல்லாமல், கேன்ஸின் முதல் விருதை வென்ற இந்தியப் படம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது நம் வழக்கம். பணமில்லாமல் 1948-லும் 1950-லும் விழா நடக்கவில்லை. 1951-ல் வசந்த காலத்துக்கு மாறியது. 1955-ல் தங்கப் பனை என்ற விருது வந்தது. ஆனால் ஒரு படம் தன்னைப் புண்படுத்துவதாக ஒரு நாடு கருதினால் அதை விலக்கக் கோரலாம் என்ற விதி அப்போதும் தொடர்ந்தது. ரெனேயின் ஆவணப்படத்தை வெளியேற்றியது இந்த விதிதான். அது பின்னர் நீக்கப்பட்டாலும் பழக்கம் உடனே போகவில்லை. 1959-ல் அதே ரெனேயின் 'ஹிரோஷிமா மோன் அமூர்' போட்டிக்கு வெளியே வைக்கப்பட்டதற்கு, அமெரிக்காவை வருத்தக் கூடாது என்ற எண்ணமும் ஒரு காரணம். பனிப்போரின் அந்த ஆண்டுகளில் படங்கள் கொடிகளோடு வந்தன, கொடிகளின் பெயராலேயே பிணங்கிக்கொண்டன. 1961-ல் லூயிஸ் புன்யுவெலின் 'விரிதியானா' ஸ்பெயினின் அதிகாரபூர்வப் படமாக வந்து உச்ச விருதைப் பகிர்ந்துகொண்டது. வத்திக்கானின் நாளேடு அதைத் தெய்வ நிந்தனை என்று தாக்கியதும், ஸ்பெயின் தான் அனுப்பிய படத்தைத் தானே தடைசெய்தது. அரசுகள் கையில் தேர்வு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேடிக்கையான சாட்சி கிடைக்காது.

முறிவு 1968 மே மாதத்தில் வந்தது. பாரிஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இருந்தார்கள். பிரெஞ்சு திரைப்படக் காப்பகத்தை உருவாக்கிய ஹென்றி லாங்லுவாவை அரசு பதவியிலிருந்து இறக்க முயன்ற கோபம் சினிமாக்காரர்களிடம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. இயக்குநர்கள் கோதாரும் த்ருஃபோவும் விழாவை நிறுத்தச் சொல்லி மேடையேறினார்கள். லூயி மால், ரோமன் போலான்ஸ்கி, மோனிகா விட்டி ஆகியோர் நடுவர் குழுவிலிருந்து விலகினார்கள். கார்லோஸ் சவுராவின் படம் தொடங்கவிருந்தபோது சவுராவே திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கித் தன் படத்தைத் தானே தடுத்தார். மே 19 அன்று, ஐந்து நாள் மீதமிருக்கும்போதே, விருது எதுவும் வழங்காமல் விழா மூடப்பட்டது. இந்தக் காட்சி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம், அதைப் பற்றிப் பேச்சு குறைவு. பிரெஞ்சு இயக்குநர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, 1969-ல் அதே ஊரில், அதே நாட்களில், விழா நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத 'இயக்குநர்களின் இருவாரம்' என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அங்கே நாடு இல்லை, கொடி இல்லை, போட்டியும் இல்லை. விமர்சகர்கள் 1962 முதலே இதேபோலத் தனியாக ஒரு வாரம் நடத்திவந்தார்கள். கதவுக்கு வெளியே இன்னொரு கதவு திறந்து, நல்ல படங்கள் அங்கே போகத் தொடங்கியதும், மூத்த விழாவுக்கு வேறு வழியில்லாமல் போனது. 1972 முதல் படங்களைத் தேர்வது அரசுகளின் வேலை அல்ல, விழாவின் வேலை என்று விதி மாறியது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்', ஜிம் ஜார்முஷின் 'ஸ்ட்ரேஞ்சர் தன் பாரடைஸ்' போன்றவை இருவாரத்தில் கவனம் பெற்றன. 1978-ல் தேர்வுப் பொறுப்புக்கு வந்த ழில் ஜாகோப் 'அன் சர்ட்டன் ரிகார்' என்ற துணைப் பிரிவையும், முதல் படம் எடுப்பவருக்கான தங்கக் கேமரா விருதையும் ஏற்படுத்தியது அந்தப் போட்டிக்குக் கொடுத்த பதில் என்றே கொள்ள வேண்டும்.

இந்த மாற்றத்தின் பலன் எண்பதுகளில் தெளிவாகத் தெரிந்தது. 1982-ல் தங்கப் பனையைப் பகிர்ந்துகொண்ட துருக்கியப் படமான 'யோல்' பழைய விதிப்படி வந்திருக்கவே முடியாது. அதன் கர்த்தாவான யில்மாஸ் குனே சிறையிலிருந்தபடி குறிப்புகள் எழுதிக் கொடுக்க, ஷெரீஃப் கோரென் படமெடுத்தார். பிறகு குனே தப்பி ஐரோப்பாவுக்கு வந்து படத்தொகுப்பை முடித்தார். அங்காரா அரசு அவரை அனுப்பியிருக்குமா? முந்தைய ஆண்டு வென்ற ஆந்த்ரேய் வாய்தாவின் 'மேன் ஆஃப் அயர்ன்' போலந்தின் சாலிடாரிட்டி இயக்கத்தைப் பற்றியது. பனாஹி 2010-ல் சிறையில் இருந்தபோது அவருக்கென்று நடுவர் குழுவில் ஒரு நாற்காலி காலியாகவே விடப்பட்டது. மறு ஆண்டு, வீட்டுக் காவலில் எடுத்த 'இது படமல்ல' நாட்டிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டுத் திரையிடப்பட்டது. 2024-ல் முகமது ரசூலோஃப் தண்டனையிலிருந்து தப்பி எல்லை கடந்து விழாவுக்கு வந்தார். அரசு அனுப்பும் முறையில் குனே, பனாஹி, ரசூலோஃப் போன்றவர்களுக்கு இடமில்லை. இதற்காக கேன்ஸ் அரசியலைக் கடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவின் அதிகாரபூர்வக் குழுக்களைத் தடைசெய்த விழா, கிரில் செரெப்ரென்னிகோவின் படத்தைப் போட்டியில் ஏற்றது. உக்ரைன் தரப்பில் அதற்கும் எதிர்ப்பு வந்தது. மாறியது என்னவென்றால், அரசியல் முடிவையும் இப்போது விழாவே எடுக்கிறது.

விழா என்கிறோமே, அது யார்? சட்டப்படி அது ஒரு சங்கம். சுமார் இரண்டு கோடி யூரோ செலவில் ஏறக்குறையப் பாதி பொதுப்பணம்: தேசியத் திரைப்பட மையம், கேன்ஸ் நகராட்சி, மாகாண நிர்வாகம். மீதி விளம்பரதாரர்களிடமிருந்து. நிர்வாகக் குழுவில் அரசும் திரைத்துறையின் ஒவ்வொரு பிரிவும் தொழிற்சங்கமும்கூட உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் படத் தேர்வு அந்தக் குழுவின் வேலை அல்ல. அது பொது இயக்குநர் என்ற ஒரு மனிதரின் பொறுப்பு. 2001 முதல் படத் தேர்வைக் கவனித்துவருபவர் தியெரி ஃப்ரெமோ. ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் வருகின்றன. ஒரு சிறு குழு பார்த்துச் சலிக்கிறது. போட்டிக்குள் நுழைவது 20-ஐ ஒட்டிய எண்ணிக்கை. அவற்றில் கணிசமானவை முன்பின் தெரியாத உறையில் வந்துசேர்பவை அல்ல. பாரிஸில் இருக்கும் விற்பனை முகவர்கள் படம் எடுக்கப்படும்போதே அதன் உரிமையை வாங்கி, தேர்வுக் குழுவின் காதில் போட்டு வைக்கிறார்கள். ஊருக்குள் வந்த பிறகும் படிநிலை ஓயாது. கேன்ஸ் பொதுமக்களுக்கு டிக்கெட் விற்கும் விழா அல்ல, அடையாள அட்டை உள்ளவர்களின் விழா. பத்திரிகையாளர்களுக்கே வெள்ளை, ரோஸ், நீலம், மஞ்சள் என்று அட்டைக்கு நிறமுண்டு. வெள்ளை அட்டைக்காரர் நுழைந்த பிறகு இடமிருந்தால்தான் மஞ்சள் அட்டைக்கு வாய்ப்பு என்பதே நெடுங்கால நடைமுறையாக இருந்தது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் வழக்குகளைப் பார்த்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தக் கட்டமைப்பின் அடித்தளத்தில் ஒரு கடைவீதி இருக்கிறது. 1959-ல் முறைப்படி தொடங்கிய திரைப்படச் சந்தையில் இன்று ஆண்டுக்கு 12,000-க்கும் அதிகமானோர் பங்கேற்கிறார்கள். உரிமைகள் விற்கப்படுகின்றன, எடுக்கப்படாத படங்களுக்கு முதலீடு தேடப்படுகிறது. சந்தையின் அரங்குகளில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தைத் திரையிடலாம். அது விழாவின் தேர்வு அல்ல. நம் ஊர்ச் செய்திகளில் வரும் 'கேன்ஸில் திரையிடப்பட்ட படம்' என்ற பெருமையில் பெரும்பங்கு இந்தக் கட்டண அரங்குகளிலிருந்து வருவதுதான். அப்படித் திரையிடுவதில் தவறொன்றுமில்லை, வாங்குபவரைத் தேடுவது வியாபாரம். தேர்வானது என்று சொல்வதுதான் பிழை. சந்தை இருப்பதால் கலை கெட்டுவிட்டது என்று புலம்புவோருக்கும் ஒரு பதில் உண்டு. போட்டியில் ஒரு படம் காட்டப்பட்ட மறுநாளே அதை வாங்க ஆள் அங்கேயே இருக்கிறார் என்பதால்தான், தாய்லாந்தின் அபிச்சாட்பொங் வீரசேதகுல் போன்ற, நட்சத்திரமும் சண்டையும் இல்லாத இயக்குநர்களின் படங்கள் பல நாடுகளின் திரையரங்கை எட்டுகின்றன. சந்தை இல்லாத விழா நல்ல படத்துக்குக் கைதட்டி அனுப்பிவிடும்.

சந்தையின் குரல் எப்போது வரம்பு மீறுகிறது என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் விவகாரமே சோதனை. 2017-ல் அந்த நிறுவனத்தின் இரண்டு படங்கள், அவற்றில் ஒன்று பொங் ஜூன்-ஹோவின் 'ஓக்ஜா', போட்டியில் இடம்பெற்றன. பிரான்ஸில் திரையரங்கில் வெளியான படம் சந்தா இணையதளத்துக்குப் போக அப்போது 36 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் நெட்ஃபிளிக்ஸ் திரையரங்க வெளியீட்டையே மறுத்தது. திரையரங்க உரிமையாளர் கூட்டமைப்பு கொதித்தது. அந்தக் கூட்டமைப்புக்கு விழாவின் நிர்வாகக் குழுவில் இடமுண்டு. பிரெஞ்சுத் திரையரங்கில் வெளியாகும் என்ற உறுதி இல்லாத படம் போட்டிக்கு வர முடியாது என்று 2018 முதல் விதி வந்தது. அந்த ஆண்டே நெட்ஃபிளிக்ஸின் படமான அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா' வெனிஸுக்குப் போய் அங்கே உச்ச விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. கேன்ஸ் பழமையில் ஊறிவிட்டது, உலகம் வேறுபக்கம் போகிறது என்று அப்போது எழுதப்பட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு அவசரமாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு அதே பொங் ஜூன்-ஹோ 'பாரசைட்' படத்துக்குத் தங்கப் பனை வாங்கினார், அது ஆஸ்கரின் சிறந்த படமும் ஆனது. 2024-ல் ஷான் பேக்கரின் 'அனோரா'வும் அதே வழியில் போனது. இரண்டும் திரையரங்கை நம்பி எடுத்த படங்கள். ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று: தேர்வில் தலையிடாத நிர்வாகக் குழு, தகுதி விதியின் வழியாகத் தலையிட்டது. தூதரகங்கள் விட்டுப்போன நாற்காலியில் தொழில்துறை உட்கார்ந்துகொண்டது.

இனி, முக்கியமான மறுப்புக்கு வருவோம். அரசுகளிடமிருந்து பறித்த அதிகாரத்தைப் பாரிஸில் இருக்கும் நாலு பேர் வைத்துக்கொள்வது எந்த வகையில் மேல்? இந்தக் கேள்வி நியாயமானது, எண்களும் அதன் பக்கம்தான். தங்கப் பனையை வென்ற பெண் இயக்குநர்கள் இதுவரை மூவரே: 1993-ல் ஜேன் கேம்பியன், அதுவும் பகிர்ந்து, 2021-ல் ஜூலியா துகூர்னோ, 2023-ல் ஜஸ்டின் திரியே. 2012-ல் போட்டியில் ஒரு பெண்கூட இல்லை. ஆப்பிரிக்கக் கண்டத்துக்குக் கிடைத்த ஒரே தங்கப் பனை 1975-ல் அல்ஜீரியாவின் லக்தர்-ஹமீனாவுக்குக் கிடைத்தது. மறுபுறம் கொப்போலா, இமாமுரா, கூஸ்தரித்ஸா, பில் ஆகஸ்ட், தார்தென் சகோதரர்கள், ஹனெகே, கென் லோச், ஒஸ்ட்லுண்ட் என்று இரண்டு முறை வென்றவர்களின் வரிசை நீள்கிறது. ஒருமுறை உள்ளே வந்தவர் அடுத்த படம் சுமாராக இருந்தாலும் வரவேற்கப்படுவது கேன்ஸின் அறிந்த பலவீனம். இதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆயினும் அரசுத் தேர்வுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓர் அரசு ஏன் ஒரு படத்தை அனுப்பவில்லை என்று யாரும் கேட்க முடியாது. இந்தக் குழுவைக் கேட்க முடிகிறது. 2018-ல் கேட் பிளான்செட், அன்யெஸ் வார்தா தலைமையில் 82 பெண்கள் விழா அரங்கின் படிக்கட்டில் நின்றார்கள். அதுவரை போட்டியில் இடம்பெற்ற பெண்களின் படங்களுடைய எண்ணிக்கை அந்த 82. அதன் பின் விழா ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தேர்வுக் குழுவினர் யார் என்பதை வெளியே சொல்ல ஒப்புக்கொண்டது. 2023 போட்டியில் பெண்கள் எடுத்த படங்கள் ஏழு. போதாதுதான். ஆனால் முகமுள்ள அதிகாரத்தை நெருக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

நடுவர் குழுவைப் பற்றிய ஐயம் வேறு வகை. வழக்கமாக ஒன்பது பேர், அவர்களில் நடிகர்களும் உண்டு. கடைசி நாளில் ஒரு மாளிகையில் அடைந்துகொண்டு முடிவு செய்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. இது குலுக்கல் சீட்டு என்பார்கள். 1960-ல் அந்தோனியோனியின் 'லவென்தூரா'வைப் பார்வையாளர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள், நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். 1991-ல் 'பார்ட்டன் ஃபிங்க்' மூன்று பெரிய விருதுகளை அள்ளியபோது, இனி ஒரு படமே எல்லாவற்றையும் கொண்டுபோகக் கூடாது என்று விழா விதி செய்தது. குலுக்கல்தான் என்றே வைத்துக்கொள்வோம். குழு ஆண்டுதோறும் கலைந்து புதிதாக அமைவதால், தேர்வாளரின் நிரந்தர ரசனைக்கு அதுதான் கடிவாளம். தேர்வும் தீர்ப்பும் ஒரே கையில் இருந்திருந்தால் கேன்ஸ் எப்போதோ சலித்துப்போயிருக்கும்.

இந்தியாவிலிருந்து எழும் மறுப்பு இன்னும் கூர்மையானது. அரசுகள் அனுப்பிய காலத்தில் 'தோ பீகா ஜமீன்', 'பதேர் பாஞ்சாலி' எல்லாம் போயின, பரிசும் வாங்கின. விழா தேர்வு செய்யத் தொடங்கிய பிறகு, 1994-ல் ஷாஜி கருணின் 'ஸ்வாஹம்' போட்டிக்குப் போனதற்கும் 2024-ல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' போனதற்கும் நடுவே 30 ஆண்டுகள் இந்தியாவுக்குப் போட்டியில் இடமே இல்லை. பழைய முறையே நமக்கு நல்லதாக இருந்ததோ? கணக்கைச் சரியாகப் பார்த்தால் இல்லை. 1972-க்குப் பிறகும் 'கரம் ஹவா', 'நிஷாந்த்' ஆகியவை போட்டிக்குப் போயின, மிருணாள் சென்னின் 'காரிஜ்' 1983-ல் நடுவர் பரிசு பெற்றது. அறுந்தது தேர்வு மாறியபோது அல்ல, தொண்ணூறுகளில். அந்தப் படங்களுக்குப் பின்னால் நின்ற பொதுநிதி இங்கே வற்றிய காலமும், வெளியே கூட்டுத் தயாரிப்பும் விற்பனை முகவர்களும் ஆட்சிக்கு வந்த காலமும் அதுதான். கபாடியாவின் படத்தைப் பாருங்கள். மும்பையில் வாழும் மலையாளச் செவிலியர்களின் கதை. பணம் பிரான்ஸ், இந்தியா, நெதர்லாந்து, லக்ஸம்பர்க் எனப் பல இடங்களிலிருந்து வந்தது. புனே திரைப்படக் கல்லூரியின் 2015 மாணவர் போராட்டத்துக்காக வழக்கைச் சந்தித்தவர் அவர். கேன்ஸில் அவருக்கு இரண்டாம் உயரிய விருதான கிராண்ட் பிரி கிடைத்தது. அதே ஆண்டு இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஆஸ்கருக்கு நாட்டின் சார்பில் வேறு படத்தை அனுப்பியது. நாடு தேர்ந்தெடுக்கும் முறை இன்றும் இருந்தால் அவர் கேன்ஸுக்குப் போயிருப்பாரா என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இலங்கைக்கும் இதே பாடம் பொருந்துகிறது. விமுக்தி ஜயசுந்தரவின் சிங்களப் படம் 2005-ல் தங்கக் கேமரா விருதைப் பகிர்ந்தது, இலங்கையில் இராணுவத் தரப்பிலிருந்து அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2015-ல் தங்கப் பனை வென்ற 'தீபன்', ஈழத் தமிழ் அகதிகளைப் பற்றிய, பெரும்பாலும் தமிழில் பேசும் படம். எழுத்தாளர் ஷோபாசக்தியும் காளீஸ்வரி சீனிவாசனும் நடித்தார்கள். ஆனால் இயக்கியவர் ஜாக் ஓதியார், பணம் பிரெஞ்சுப் பணம். அகதியின் மொழி மேடையேறியது, அகதியின் கதையைச் சொல்லும் உரிமை இன்னொருவரிடம் இருந்தது. இதை கேன்ஸின் குற்றம் என்று தள்ளிவிடுவது சுலபம். தமிழில் ஒரு திரைக்கதைக்கு, நட்சத்திரம் ஒப்புக்கொள்ளும் முன்பே, எழுதும் காலத்திலேயே பணம் தரும் அமைப்பு எது என்று கேட்டுப் பார்த்தால் குற்றம் எங்கே என்பது தெரியும். இந்தியாவும் பிரான்ஸும் 1985 முதலே கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களுக்குத் தானே முதலீடு செய்கிறது. கடற்கரையில் ஆண்டுதோறும் இந்திய அரங்கு அமைத்து நாடா வெட்டும் செலவில் ஒரு பங்கையாவது எழுதப்படும் நிலையில் உள்ள திரைக்கதைகளுக்குத் திருப்ப வேண்டும் என்று மத்திய அரசிடமும், படம் முடிந்த பிறகு கொடுக்கும் மானியத்தோடு நிற்காமல் படம் தொடங்கும் முன்பே கைகொடுக்க வேண்டும் என்று தமிழக அரசிடமும் நம் திரைத்துறைச் சங்கங்கள் கேட்க வேண்டும்.